கல்லூரியின் முதல் நூறு நாட்கள்: கட்டணம் கட்டிய பிறகு பிள்ளைக்கு வேண்டியது என்ன?



பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை நமது அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எந்தக் கல்லூரி நல்லது, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கல்லூரிகள் திறந்த மறுவாரம் அலுவலகம் அமைதியாகிவிடும். பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளை சேர்ந்தாகிவிட்டது, இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அந்த நிம்மதி எவ்வளவு தவறானது என்பதை எங்களுக்குப் புரியவைத்தவர், நம் அறக்கட்டளையில் உதவி பெற்ற ஒரு மாணவர்.

அவருடைய வாப்பா வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். பிள்ளை பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். பொறியியல் படித்தால் வெளிநாட்டில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஊரிலிருந்து வெகுதொலைவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்றது. பெட்டியோடு பஸ் ஏறியவர், நவம்பர் கடைசியில் அதே பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் என்றார். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகியும் கிளம்பவில்லை.

விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் இன்டர்னல் தேர்விலேயே மூன்று பாடங்களில் தோல்வி. வகுப்பில் நடத்துவது புரியாததால் வகுப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அதனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனது. மாலை நேரங்களில் விடுதி அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருப்பாராம். இதில் ஒன்றுகூட வீட்டுக்குத் தெரியாது. வாப்பா வாரம் இருமுறை போன் செய்வார். “நல்லா படிக்கிறியா?” “படிக்கிறேன் வாப்பா.” “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன் வாப்பா.” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் என்ன செய்தோம்? கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தோம். செமஸ்டர் முடிவில் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதாக இருந்தோம். இடையில் ஒருவரும் அவரை அழைத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மீண்டும் அந்தக் கல்லூரிக்குப் போகவில்லை. ஓராண்டு வீணாயிற்று. பிறகு பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்து, அல்ஹம்துலில்லாஹ், இப்போது இறுதியாண்டில் இருக்கிறார். பெயர் போடாமல் இதை எழுத அவரே சம்மதம் தந்தார். அவர் எங்களிடம் சொன்ன ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது: “ஃபீஸ் கட்டப் பணம் இல்லேன்னு உங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது. பாடம் புரியலேன்னு சொல்ல எனக்கு ஆளே இல்லை.”

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

கல்லூரியில் எவையெல்லாம் மாறுகின்றன?

கல்லூரிக்குப் பழகுவது என்றால் பாடத்துக்குப் பழகுவது என்றே நாம் நினைக்கிறோம். அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பேக்கர், போதான் சிரிக் என்ற இரு உளவியலாளர்கள் 1980களில் இதற்கென்றே 67 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். மாணவர் கல்லூரிக்குப் பழகுவதை அவர்கள் நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலாவது, படிப்பு. இரண்டாவது, நட்பும் பழக்கவழக்கமும். மூன்றாவது, மனநிலையும் உடல்நிலையும். நான்காவது, ‘இது என் கல்லூரி’ என்ற ஒட்டுதல்.

நம் பிள்ளைகளை இந்த நான்கிலும் வைத்துப் பார்ப்போம்.

படிப்பில் பெரிய இடறல், மொழி. தமிழ் வழியில் கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைக்குப் பேரேடு தெரியும், தேய்மானம் தெரியும், இருப்பாய்வு தெரியும். கல்லூரியில் அவையே லெட்ஜர், டிப்ரிசியேஷன், ட்ரையல் பேலன்ஸ் என்று வருகின்றன. இயற்பியலில் முடுக்கம் ஆக்ஸலரேஷன் ஆகிறது, உந்தம் மொமெண்டம் ஆகிறது. தெரிந்த பொருள்தான், பெயர் மட்டும் புதிது. ஆனால் முதல் மாதத்தில் பிள்ளைக்கு அது தெரிவதில்லை. தனக்கு மூளை இல்லை என்றே முடிவு செய்துவிடுகிறான். பள்ளியில் முதல் மூன்று இடங்களில் இருந்த பிள்ளைக்கு இந்த அடி இன்னும் பலமாக விழுகிறது.

நட்பைப் பொறுத்தவரை, ஒரே தெருவில் பிறந்து, ஒரே மதரஸாவில் ஓதி, ஒரே பள்ளியில் படித்த நண்பர்களை விட்டுவிட்டு, யாரையும் தெரியாத ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மனநிலையில், தூக்கமும் பசியும் மாறுகின்றன. சுபுஹுக்கு உம்மா எழுப்பிவிட்ட பிள்ளையை இங்கே எழுப்ப ஆளில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. நான்காவதான ஒட்டுதல்தான் கடைசியாக வருகிறது. அது வருவதற்கு முன்பே பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் பட்டியல் இந்த நான்கில் ஒன்றைத்தான் காட்டும். அதுவும் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் காட்டும்.

வீட்டை மறந்தால்தான் கல்லூரி ஒட்டுமா?

“கொஞ்ச நாள் போன் பண்ணாதீங்க, தானா பழகிக்குவான்” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். படித்தவர்களும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்கள். மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது பற்றி வின்சென்ட் டின்ட்டோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1975இல் எழுதிய கட்டுரை மிகவும் புகழ்பெற்றது. படிப்பிலும் பழக்கத்திலும் கல்லூரியோடு கலந்துவிடும் மாணவர் நிலைத்திருப்பார், கலக்காதவர் விலகுவார் என்பது அவர் கருத்தின் சாரம். பழைய ஊர், பழைய உறவுகளிலிருந்து ஓரளவு விலகிவந்தால்தான் புதிய இடத்தில் கலக்க முடியும் என்பதையும் பின்னர் அதில் சேர்த்தார்.

முதல் பாதி இன்றும் ஏற்கப்படுகிறது. இரண்டாம் பாதிக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. சிறுபான்மைச் சமூகங்களிலிருந்தும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் வீடுகளிலிருந்தும் வரும் மாணவர்களுக்கு வீட்டோடும் ஊரோடும் உள்ள பிணைப்புதான் தாங்கிப் பிடிக்கும் பலம் என்று பலர் எடுத்துக்காட்டினார்கள். சில மாணவர்களுக்குப் பழைய உறவுகளை விடாமல் இருப்பதே நல்லது என்று டின்ட்டோவும் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார்.

ஆகவே பிள்ளையை வீட்டிலிருந்து அறுத்துவிடத் தேவையில்லை. ஆனால் வீட்டோடு உள்ள அந்தப் பிணைப்பு எப்படிப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாம் மேலே சொன்ன மாணவருக்கும் வாரம் இருமுறை வீட்டிலிருந்து போன் வந்துகொண்டுதான் இருந்தது.

யாருடைய நோக்கம்?

‘எதற்காகப் படிக்கிறோம்’ என்பதற்கு ஒரு பதில் இருந்தால் பிள்ளை கஷ்டத்தைத் தாங்கிக்கொள்வான் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே. நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1946இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். வாழ்வதற்கு ஓர் அர்த்தம் இருப்பவனால் பெரும் துன்பத்தையும் சகிக்க முடியும் என்பதே அவர் கண்டது. அதற்குப் பின் இதை அளந்து பார்க்கும் முயற்சிகள் நடந்தன. மைக்கேல் ஸ்டீகர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். அவற்றில் ஐந்து, ‘என் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா’ என்பதைப் பார்க்கின்றன. மற்ற ஐந்து, ‘அந்த அர்த்தத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேனா’ என்பதைப் பார்க்கின்றன.

இந்தப் பிரிவைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் “என்ன பண்ணப் போறேன்னு தெரியலை” என்று ஒரு பிள்ளை சொன்னால், அவன் கெட்டுப்போய்விட்டான் என்று பொருளில்லை. தேடிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். வில்லியம் டேமன் என்ற அறிஞர் அமெரிக்க இளைஞர்களிடையே செய்த ஆய்வை 2008இல் நூலாக வெளியிட்டார். தெளிவான நோக்கத்தோடு இருந்தவர்கள் அதில் ஐந்தில் ஒருவர் அளவுதான். டேமன் நோக்கம் என்று எதைச் சொல்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. அது அந்த இளைஞருக்குப் பொருளுள்ளதாக இருக்க வேண்டும். அதோடு அவரைத் தாண்டி மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோக்கம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் நோக்கத்தைப் பெரியவர்கள் தயார் செய்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். “மச்சான் கத்தாரில இருக்கார், நீ சிவில் படி.” “சாச்சா பையன் ஐ.டி.யில இருக்கான், நீ கம்ப்யூட்டர் எடு.” எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் தொழுகைக்கான நிய்யத்தைத் தொழுபவர்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் வைத்துத் தர முடியாது. படிப்பும் அப்படித்தான். அடுத்தவர் வைத்த நிய்யத்தோடு போகும் பிள்ளை, முதல் இன்டர்னலில் தோற்றவுடன் “இதை நானா கேட்டேன்?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருப்பதில்லை.

“குடும்பக் கடனை அடைக்கணும்” என்பதும் பல பிள்ளைகளின் நோக்கம். அது உயர்ந்ததுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஒன்றே நோக்கமாக இருந்தால், குறைந்து போகும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பிள்ளையின் கணக்கில் இன்னொரு கடனாக ஏறிக்கொள்கிறது. அதோடு சேர்த்து, படிப்பின் மேலேயே ஒரு பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்பு பெரிய லட்சியமாக இருக்க வேண்டியதில்லை. நம் கடைத்தெரு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. கணக்குக்குத் திண்டாடுவதைப் பார்த்து, அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வணிகவியல் படிக்கலாம். தெருப் பெண்கள் பிரசவத்துக்கு வெளியூர் ஓடுவதைப் பார்த்து நர்சிங் படிக்கலாம். தான் பார்த்த ஒரு தேவையோடு பாடம் சேர்ந்துவிட்டால் அலுப்பான பாடமும் ஓரளவு இறங்கும்.

இது வெறும் உபதேசமில்லை. டேவிட் யேகர் என்பவரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம், ‘நீங்கள் இப்போது படிப்பது பிறருக்கு எப்படிப் பயன்படும்’ என்று யோசித்து எழுதச் சொன்னார்கள். ஒருமுறை செய்த இந்தச் சிறு பயிற்சிக்குப் பின் அந்த மாணவர்களின் கணித, அறிவியல் மதிப்பெண்கள் உயர்ந்தன.

கொடுத்த ஆதரவும் உணர்ந்த ஆதரவும்

இப்போது குடும்பத்துக்கு வருவோம். எந்தக் குடும்பமும் பிள்ளைக்கு ஆதரவு தராமல் இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறோம். வாப்பா இரண்டாண்டு விடுமுறையைத் தள்ளிப்போடுகிறார். ஆனால் உளவியலாளர்கள் அளப்பது வேறொன்றை. கிரிகரி சிமெட் என்பவரும் சகாக்களும் 1988இல் வெளியிட்ட 12 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. குடும்பம், நண்பர்கள், நெருங்கிய ஒருவர் என்று மூன்று இடங்களிலிருந்து கிடைக்கும் ஆதரவை அது பார்க்கிறது. ‘எவ்வளவு தந்தார்கள்’ என்று அது கேட்பதில்லை. ‘என் கஷ்டத்தை வீட்டில் பேச முடிகிறது என்று நினைக்கிறாயா’ என்ற வகையில்தான் கேட்கிறது. அதாவது பிள்ளை உணர்ந்த ஆதரவைத்தான் அது அளக்கிறது.

இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை அந்த மாணவரின் வீட்டில் பார்த்தோம். வாப்பா ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் தோற்றதைச் சொல்லவில்லை. “உனக்காகத்தான் இங்கே கிடந்து கஷ்டப்படுறேன்” என்று வாப்பா அன்போடு சொன்ன ஒவ்வொரு முறையும் பிள்ளையின் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது. தியாகத்தை நினைவூட்டினால் பொறுப்பு வரும் என்று நாம் நம்புகிறோம். சில நேரம் பொறுப்பு வருகிறது, பல நேரம் அச்சமும் கூடவே வருகிறது.

வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருப்பதாக உணரும் மாணவர்களும், குடும்ப ஆதரவை உணரும் மாணவர்களும் கல்லூரிக்கு எளிதாகப் பழகுகிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுக்கப்பட்டவை என்பதால், எது காரணம், எது விளைவு என்று அவற்றை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் அனுபவத்தில் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. வீட்டில் தோல்வியைச் சொல்ல முடிந்த பிள்ளை, ஆசிரியரிடமும் சீக்கிரம் போய்க் கேட்கிறான். கேட்பதால் பாடம் புரிகிறது. புரிவதால், எதற்காக வந்தோம் என்ற நினைப்பு கலையாமல் இருக்கிறது. சொல்ல முடியாத பிள்ளை இவை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழக்கிறான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வியை மாற்றுங்கள். “நல்லா படிக்கிறியா?” என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. “இந்த வாரம் எந்தப் பாடம் புரியலை?” என்று கேட்டுப் பாருங்கள். புரியாத பாடம் இருப்பது இயல்பு என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. “யாரோட உட்கார்ந்து சாப்பிடுறே?” என்று கேளுங்கள். நண்பர் கிடைத்தாரா இல்லையா என்பது பதிலில் தெரிந்துவிடும்.

கெட்ட செய்தி வரும்போது முதல் ஐந்து நிமிடம் திட்டாதீர்கள். அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் வருமா வராதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. “சொன்னது நல்லதாப் போச்சு, என்ன செய்யலாம்னு பார்ப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை மறுநாள் பேசலாம்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு சொல். உங்கள் முதல் மாதத்தைப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களா? மொழி தெரியாமல் நின்றது, அறையில் அழுதது, திரும்பி வந்துவிடலாமா என்று நினைத்தது? பெரும்பாலோர் சொன்னதில்லை. புதிய ஊரில் தனியாக நிற்பது எப்படி என்பது அந்த வீட்டிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாப்பாவும் அப்படித்தான் தொடங்கினார் என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தன் கஷ்டம் அவமானமாகத் தோன்றாது.

உம்மாமார்கள் தங்களுக்குப் பாடம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். பாடத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். தூக்கம், சாப்பாடு, குரல் இவற்றில் மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவர் நீங்கள்தான். சந்தேகம் வந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் கட்டணம் வீணாகாது.

படிப்பே பொருந்தவில்லை என்றால் அதையும் சீக்கிரம் பேசுங்கள். சேர்க்கை முடிந்த முதல் வாரங்களில் வேறு பாடத்துக்கோ வேறு கல்லூரிக்கோ மாறுவது எளிது. கல்லூரியிலிருந்து விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை வெளியிட்டுள்ளது. நாள் தள்ளத் தள்ளத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். மௌனம் நீடிப்பதால் பணமும் போகிறது, ஆண்டும் போகிறது.

பெண்பிள்ளைகள் பற்றி

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பயம் கூடுதலாக இருக்கிறது. கல்லூரியில் சின்னச் சிக்கல் என்று வீட்டில் சொன்னால் கூட “அப்படின்னா படிச்சது போதும், வந்துடு” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு தருகிறான் என்று சொன்ன ஒரு மாணவியை மறுநாளே வீட்டார் நிறுத்தியதை நாங்கள் பார்த்தோம். தவறு செய்தவன் அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான், படிப்பை இழந்தது இந்தப் பிள்ளை. அதைப் பார்த்த மற்ற மாணவிகள் அதற்குப்பின் வீட்டில் எதையும் சொல்வதில்லை. “என்ன நடந்தாலும் உன் படிப்பு நிற்காது” என்ற உறுதியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பிள்ளை உண்மையைச் சொல்வதற்கு அந்த உறுதிதான் வாசல்.

மாணவச் செல்வங்களுக்கு

முதல் செமஸ்டரில் ‘இந்த இடம் எனக்கானது இல்லை’ என்று தோன்றினால், அது உங்களுக்கு மட்டும் தோன்றுவதாக நினைக்காதீர்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கும் தோன்றுகிறது, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிரிகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்கக் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘ஆரம்பத்தில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, போகப்போகச் சரியாயிற்று’ என்பதே அவற்றின் சாரம். அது ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சிதான். 2011இல் வெளியான முடிவுகளின்படி, அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளிலும் உயர்ந்தன.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு பாடத்திலும் தமிழில் தெரிந்த சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லை எதிரே எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பாதிச் சுமை இறங்கும். வாரம் ஒருமுறையாவது ஓர் ஆசிரியரிடம் போய் ஒரு சந்தேகம் கேளுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆசிரியர் அறையில் கேட்கலாம். எது நடந்தாலும் வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். புரியாமல் உட்கார்ந்திருந்தாலும் வருகைப்பதிவு மிஞ்சும், அரியரை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். வருகைப்பதிவு போனால் தேர்வே எழுத முடியாமல் போகலாம். கடைசியாக, ‘இந்தப் படிப்பால் யாருக்கு என்ன செய்வேன்’ என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு மாற்றி எழுதினாலும் தவறில்லை.

எப்போது உடனே கவனிக்க வேண்டும்?

ஊர் நினைப்பும் சோர்வும் சில வாரங்களில் தணிய வேண்டும். தணியாமல் தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, போனை எடுக்காமல் இருப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம். ‘நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே பிள்ளையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு ஆகாது. துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம்.

ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், நாள் முழுவதும் கிடைக்கும், தமிழில் பேசலாம். ராகிங் கொடுமை என்றால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் தரலாம். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. இந்த இரு எண்களையும் பிள்ளையின் போனில் இன்றே பதிந்து வையுங்கள்.

நமது பங்கு

அந்த மாணவருக்குப் பிறகு நாங்கள் மூன்று மாற்றங்கள் செய்தோம். முதலாவது, உதவி பெறும் ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும், நம் மஹல்லாவிலிருந்து ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் மூத்தவர் ஒருவரைப் பொறுப்பாக்கினோம். மாணவிகளுக்கு மூத்த மாணவி ஒருவர். முதல் நூறு நாளும் வாரம் ஒருமுறை அவர் போன் செய்வார். மதிப்பெண் கேட்க மாட்டார், என்ன சிரமம் என்று மட்டும் கேட்பார். இரண்டாவது, விண்ணப்பப் படிவத்தில் ‘இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது யார், ஏன்?’ என்ற கேள்வியைச் சேர்த்து, அதை மாணவரே தன் கையால் எழுத வேண்டும் என்று வைத்தோம். மூன்றாவது, ஓர் அரியர் வந்தால் உதவித்தொகையை நிறுத்தும் பழைய விதியை எடுத்துவிட்டோம். அந்த விதி இருக்கும்வரை ஒரு பிள்ளையும் எங்களிடம் உண்மையைச் சொல்லாது என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. வாரம் பதினைந்து நிமிடம் தரக்கூடிய ஆட்கள்தான் தேவை. கல்லூரி முடித்த, அல்லது முடிக்கப்போகும் சகோதர சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தமிழ் வழியில் படித்துக் கல்லூரியில் தடுமாறி மீண்டு வந்தவர்கள் கண்டிப்பாக வரவேண்டும். உங்கள் தடுமாற்றம்தான் இங்கே தகுதி.

அந்த மாணவர் இவ்வாண்டு மூன்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர்களில் ஒருவர் முதல் இன்டர்னலில் இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டு அன்றிரவே அவருக்குப் போன் செய்தார். “என்ன சொன்னீங்க?” என்று நாங்கள் கேட்டோம். “ஒண்ணும் சொல்லலை. எனக்கு மூணு பாடம் போச்சுன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அவன் வாப்பாவுக்குப் போன் போட்டோம்” என்றார்.

நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்லத்தக்க ஒரு வீட்டையும், தாமே வைத்துக்கொண்ட நல்ல நிய்யத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.